முழுவீச்சு ஒலிபெருக்கி இயக்கி

முழுவீச்சு ஒலிபெருக்கி இயக்கி என்பது, மனிதச் செவி உணரும் அதிர்வெண்களுள் இயன்றவரை அனைத்தையும் ஒரே கூம்பைக் கொண்டு வெளியிடுமாறு வடிவமைக்கப்பட்ட ஒலிபெருக்கி அலகு ஆகும். பெரும்பாலான வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் தாழ்சுருதிக்கு வூஃபர், உயர்சுருதிக்கு ட்வீட்டர் என இரண்டோ அதற்கு மேற்பட்ட எண்ணிக்கையிலோ அலகுகள் இருக்கும். கிராஸ்ஓவர் எனப்படும் பிரிப்புச் சுற்று, மின்குறிகையை அதிர்வெண் வாரியாகப் பிரித்து அவற்றுக்கு அனுப்பும். முழுவீச்சு அமைப்பில் இந்தப் பிரிப்பு இல்லை. பெருக்கியிலிருந்து வரும் கம்பி நேரடியாக ஒரே அலகுடன் இணைக்கப்படுகிறது.

டிரான்சிஸ்டர் வானொலியில் உள்ள சிறிய, மலிவான ஒலிபெருக்கியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதே வேளையில், மிகுந்த விலைக்கு விற்கப்படும் ஒலிபெருக்கி அலகுகள் சிலவும் இவ்வகையினவே. இக்கட்டுரை பின்னவற்றைப் பற்றியது. எல்லா அதிர்வெண்களையும் ஒரே கூம்பு வெளியிட வேண்டும் என்னும் நிபந்தனை, மூலப்பொருட்களின் தேர்வையும் வடிவமைப்பையும் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது, ஒவ்வொரு தேர்விலும் எது கிடைக்கிறது, எது இழக்கப்படுகிறது என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

அமைப்பும் இயங்கும் முறையும்

முழுவீச்சு இயக்கியின் அடிப்படை அமைப்பு ஏனைய அசைசுருள் ஒலிபெருக்கிகளின் அமைப்பை ஒத்ததே. அதன் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

- கூம்பு: காற்றைத் தள்ளி ஒலியை உண்டாக்கும் மெல்லிய பரப்பு. பழுதுபார்ப்போர் இதனைக் கோன் என்பர்.
- குரற்சுருள்: கூம்பின் கழுத்தில் இணைந்த மெல்லிய உருளையின் மீது சுற்றப்பட்ட கம்பிச் சுருள்.
- காந்தமும் இரும்புப் பகுதிகளும்: சுருள் அசையும் குறுகிய வட்ட இடைவெளியில் வலிமையான காந்தப்புலத்தை உண்டாக்குபவை.
- விளிம்புத் தாங்கி: கூம்பின் வெளிவிளிம்பைச் சட்டத்துடன் இணைக்கும் நெகிழ்வான வளையம்.
- ஸ்பைடர்: சுருளை இடைவெளியின் நடுவில் நிறுத்தும் அலைமடிப்புத் துணி வட்டு.
- சட்டம்: இவையனைத்தையும் தாங்கும் உலோகக் கூடு.

சுருளில் மின்னோட்டம் பாயும்போது அதன் மீது விசை ஏற்படுகிறது. காந்தப் பாய அடர்த்தி, இடைவெளிக்குள் உள்ள கம்பியின் நீளம், மின்னோட்டம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனே இவ்விசையின் அளவு. மின்னோட்டம் திசை மாறும்போது விசையும் திசை மாறுகிறது. கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றில் அழுத்த வேறுபாடுகளை உண்டாக்குகிறது.

அடிப்படை முரண்பாடு

செவி உணரும் அதிர்வெண்கள் ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையானவை. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று கொண்டால், 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மீட்டர். 20,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.7 சென்டிமீட்டர் மட்டுமே. அலைநீளத்தில் ஆயிரம் மடங்கு வேறுபாட்டை ஒரே கூம்பு கையாள வேண்டியுள்ளது. இதனால் இரு எதிரெதிரான தேவைகள் எழுகின்றன.

முதலாவது, தாழ்சுருதிக்குக் கூம்பு பெரியதாக இருக்க வேண்டும். ஒரே உரப்பைத் தர, அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். எடுத்துக்காட்டாக, 200 சதுர சென்டிமீட்டர் பரப்புடைய இயக்கி (இது 8 அங்குல வகை) ஒன்றை மிகப்பெரிய பலகையில் பொருத்தி, 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் உரப்பைப் பெறுவதாகக் கொள்வோம். இதற்கு 400 ஹெர்ட்ஸில் கூம்பு நடுநிலையிலிருந்து ஏறத்தாழ 0.04 மி.மீ அசைந்தால் போதும். 80 ஹெர்ட்ஸில் 0.9 மி.மீ, 40 ஹெர்ட்ஸில் 3.7 மி.மீ தேவைப்படும். 50 சதுர சென்டிமீட்டர் பரப்புடைய சிறிய கூம்பு எனில், அதே 40 ஹெர்ட்ஸுக்கு 15 மி.மீ அசைய வேண்டும். இது சிறிய முழுவீச்சு இயக்கிகளால் இயலாத ஒன்று.

இரண்டாவது, உயர்சுருதிக்குக் கூம்பு சிறியதாக இருக்க வேண்டும். கூம்பின் சுற்றளவு அலைநீளத்தை விடப் பெரிதாகும்போது, ஒலி எல்லாத் திசைகளிலும் பரவாமல் முன்புறமாகக் குவியத் தொடங்குகிறது. 8 செ.மீ ஆரமுள்ள விறைப்பான வட்டத் தட்டு 10,000 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால், நேர்முன் திசையிலிருந்து 15 பாகை விலகியவுடனேயே ஒலி முற்றிலும் மறையும் ஒரு திசை உண்டு. ஆரம் 4 செ.மீ எனில் அத்திசை 31 பாகையில் அமையும். கேட்பவர் சற்றே நகர்ந்தாலும் உயர்சுருதி மங்கிவிடும் என்பது இதன் பொருள்.

ஆகவே, முழுவீச்சு இயக்கி எதுவாயினும் அது ஓர் இணக்கத்தீர்வே. நல்ல வடிவமைப்பு என்பது இம்முரண்பாட்டை நீக்குவதன்று. எந்தக் குறையை ஏற்றுக்கொள்வது என்பதைத் தெரிந்து தேர்ந்தெடுப்பதேயாகும்.

பிரிப்புச் சுற்றைத் தவிர்ப்பதன் காரணம்

இத்தனை இடர்கள் இருந்தும் ஒரே கூம்பை நாடுவதற்குக் காரணங்கள் உள்ளன. இரு அலகு அமைப்புகளில் பிரிப்பு அதிர்வெண் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையில் அமைகிறது. பேச்சின் மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் இப்பகுதியில் செவியின் உணர்திறன் மிகுதி. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11.4 செ.மீ. இரு அலகுகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவும் பல பெட்டிகளில் இதே அளவினதாகவோ இதனினும் மிகுந்தோ இருக்கும். இதனால் கேட்பவரின் செவி மட்டம் மாறும்போது இரு அலைகளும் சில இடங்களில் கூடியும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்தும் ஒலிக்கின்றன. பிரிப்புச் சுற்றில் உள்ள மின்தேக்கிகளும் சுருள்களும் கட்ட மாற்றத்தையும் உண்டாக்குகின்றன.

ஒரே கூம்பு எனில் ஒலி ஒரே இடத்திலிருந்து பிறக்கிறது. மிக அருகில் அமர்ந்து கேட்டாலும் ஒலி பிளவுபடுவதில்லை. பெருக்கிக்கும் சுருளுக்கும் இடையே வேறு உறுப்பு இல்லாததால் ஆற்றல் இழப்பும் குறைவு.

வரலாறு

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கொம்பு இல்லாத அசைசுருள் ஒலிபெருக்கிக்கு அடித்தளமிட்டது. அக்கால ஒலிபெருக்கிகள் ஒரே கூம்பைக் கொண்டவை. எனவே முழுவீச்சு என்பது பின்னாளில் தோன்றிய தனி வகையன்று. முதலில் இருந்தது அதுவே. வூஃபர், ட்வீட்டர் பிரிவு பின்னரே பரவியது.

பிரித்தானியப் பொறியாளர் பால் வோய்ட் 1930-களில் இரட்டைக் கூம்பு அமைப்பை உருவாக்கினார். பெரிய கூம்பின் கழுத்தில் ஒரு சிறிய கூம்பை ஒட்டி, உயர்சுருதியை அதன் மூலம் வெளியிடுவது இதன் உத்தி. அவர் 1950-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய வடிவமைப்பின் வழிவந்த இயக்கிகளை இங்கிலாந்தின் லௌதர் நிறுவனம் தொடர்ந்து உருவாக்கியது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் 9710 என்னும் இரட்டைக் கூம்பு இயக்கியைத் தயாரித்தது.

ஜப்பானில் 1964-இல் அறிமுகமான எஃப்இ103 என்னும் 10 செ.மீ இயக்கி, பல மாற்றங்களுடன் ஃபோஸ்டெக்ஸ் பெயரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விற்பனையில் இருந்து வந்துள்ளது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜேம்ஸ் ஜார்டன் 1960-களில் சிறிய உலோகக் கூம்பைக் கொண்ட இயக்கியை உருவாக்கினார். 2000-களில் ஃபீஸ்ட்ரெக்ஸ் என்னும் சிறிய ஜப்பானிய நிறுவனம், கையால் செய்த ஜப்பானியக் காகிதக் கூம்பையும் மின்காந்தத்தையும் கொண்ட மிக விலையுயர்ந்த இயக்கிகளை உருவாக்கியது.

கூம்பின் மூலப்பொருள்

கூம்புக்கு உரிய பொருளிடம் மூன்று பண்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன. அது இலேசாக இருக்க வேண்டும்; விறைப்பாக இருக்க வேண்டும்; தன்னுள் எழும் அதிர்வை விரைவில் அடக்கும் உள்தணிப்பு உடையதாக இருக்க வேண்டும். மூன்றையும் ஒருசேரப் பெற்ற பொருளைக் காண்பது அரிது.

நிறையின் முதன்மையை ஓர் எளிய உறவு காட்டும். சுருளும் காந்தமும் மாறாமல், அசையும் பகுதியின் நிறை மட்டும் இருமடங்கானால், ஒலித்திறன் நான்கில் ஒரு பங்காகக் குறையும். இது 6 டெசிபெல் இழப்பாகும்.

விறைப்பைப் பொறுத்தவரை, உலோகமே சிறந்தது என்று எண்ணத் தோன்றும். யங் குணகத்தை மட்டும் பார்த்தால் அலுமினியம் 70 கிகா பாஸ்கல். கூம்புக் காகிதம் ஏறத்தாழ 2 கிகா பாஸ்கல் மட்டுமே. ஆயினும் கூம்பின் நிறைக்கு வரம்பு இருப்பதால், ஒப்பீடு சம தடிப்பில் அன்றிச் சம நிறையில் செய்யப்பட வேண்டும். அடர்த்தி குறைந்த பொருளை அதே நிறைக்குத் தடிப்பாகச் செய்யலாம். தகட்டின் வளைவு விறைப்போ தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. எனவே சம நிறையில் வளைவு விறைப்பு, யங் குணகத்தை அடர்த்தியின் மும்மடியால் வகுத்துக் கிடைக்கும் அளவைப் பொறுத்தது. அலுமினியத்தை 1 எனக் கொண்டால் தோராயமான ஒப்பீடு பின்வருமாறு:

- அலுமினியம்: அடர்த்தி 2,700 கி.கி/கன மீட்டர், ஒப்பீட்டு விறைப்பு 1
- மக்னீசியம்: அடர்த்தி 1,740, ஒப்பீட்டு விறைப்பு 2.4
- டைட்டானியம்: அடர்த்தி 4,500, ஒப்பீட்டு விறைப்பு 0.3
- பெரிலியம்: அடர்த்தி 1,850, ஒப்பீட்டு விறைப்பு 13
- பாலிப்ரொப்பிலீன்: அடர்த்தி 900, ஒப்பீட்டு விறைப்பு 0.6
- கூம்புக் காகிதம்: அடர்த்தி ஏறத்தாழ 600, ஒப்பீட்டு விறைப்பு 2.6

காகிதம் அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் முந்துவதை இங்குக் காணலாம். நூறாண்டு கடந்தும் காகிதக் கூம்பு நிலைத்திருப்பதற்குப் பழமைப் பற்று மட்டுமே காரணமன்று என்பதை இவ்வெண்கள் விளக்குகின்றன. பெரிலியம் அனைத்தையும் விஞ்சினாலும், அதன் விலையும் அதன் தூளின் நச்சுத்தன்மையும் அதனைப் பெரும்பாலும் சிறிய ட்வீட்டர்களோடு நிறுத்திவிட்டன.

காகிதம்

காகிதக் கூம்பு, மரக்கூழ் முதலான இழைக் கூழை வலையச்சின் மீது படியவைத்து, அழுத்தி, உலர்த்திச் செய்யப்படுகிறது. இழையின் வகை, நீளம், கூழை அரைக்கும் அளவு, அழுத்தும் விசை ஆகியவற்றை மாற்றிப் பண்புகளை மாற்றலாம். ஃபோஸ்டெக்ஸ் நிறுவனம் தன் இயக்கிகள் பலவற்றில் வாழை இழைக் கூழைப் பயன்படுத்தியுள்ளது. ஜப்பானின் மரபுவழிக் காகிதமான வாஷி, கோசோ என்னும் மல்பெரி இனச் செடியின் நீண்ட பட்டை இழைகளால் செய்யப்படுகிறது. நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், மெல்லிய தாளும் எளிதில் கிழியாது.

காகிதத்தின் சிறந்த பண்பு அதன் உள்தணிப்பு. இழைகளுக்கு இடையிலான உராய்வு அதிர்வை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. ஈரப்பதத்தை உறிஞ்சுவதும், தயாரிப்பில் ஒரு கூம்பு மற்றொன்றிலிருந்து சற்று வேறுபடுவதும் அதன் குறைகள். ஈரத்தைத் தடுக்க மேற்பூச்சு பூசினால் நிறை கூடும்.

உலோகம்

அலுமினியம், மக்னீசியம் ஆகியவற்றின் கலவைகள் ஈரத்தால் பாதிக்கப்படுவதில்லை. ஒரே சீராகத் தயாரிக்கத்தக்கவை. ஆனால் அவற்றின் உள்தணிப்பு மிகக் குறைவு. உலோகத் தட்டைத் தட்டினால் நெடுநேரம் ஒலிப்பதும், அட்டையைத் தட்டினால் ஒலி உடனே அடங்குவதும் இவ்வேறுபாட்டை உணர்த்தும். உலோகக் கூம்பு தன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் கூர்மையான முகட்டைக் காட்டும். இரு அலகு அமைப்பில் அம்முகட்டுக்குக் கீழேயே வூஃபரின் வேலையை நிறுத்திவிடலாம். முழுவீச்சு இயக்கியில் அவ்வசதி இல்லை. எனவே உலோகக் கூம்பைப் பயன்படுத்துவோர் அதனைச் சிறியதாகவும், ஆழம் குறைந்ததாகவும், வளைந்த பக்கவாட்டுத் தோற்றம் உடையதாகவும் செய்து, ஒத்ததிர்வுகளை ஒரே இடத்தில் குவியாமல் பரவச் செய்கின்றனர். மார்க் ஆடியோ நிறுவனத்தின் ஆல்பேர் வரிசையில் உலோகக் கூம்பு வகைகளும் காகிதக் கூம்பு வகைகளும் உள்ளன.

கட்டுப்படுத்திய சிதைவு

தாழ் அதிர்வெண்களில் கூம்பு முழுவதும் ஒரே தட்டாக அசைகிறது. அதிர்வெண் உயரும்போது, கழுத்தில் தொடங்கும் அசைவு விளிம்பை அடைவதற்குள் சுருள் திசை மாறிவிடுகிறது. அப்போது கூம்பின் பகுதிகள் வெவ்வேறாக அதிர்கின்றன. இது கூம்புச் சிதைவு எனப்படும். வூஃபர் வடிவமைப்பில் இது தவிர்க்கப்பட வேண்டிய குறை. முழுவீச்சு இயக்கியிலோ இதனைத் தவிர்க்க இயலாது. அதையே கருவியாகக் கொள்கின்றனர். அதிர்வெண் உயர உயர, வெளிப்பகுதி படிப்படியாக அடங்கி, கழுத்தை ஒட்டிய உட்பகுதி மட்டும் ஒலிக்குமாறு கூம்பை வடிவமைத்தால், பெரிய கூம்பே உயர்சுருதியில் சிறிய கூம்பாகச் செயல்படும். அசையும் நிறை குறைவதுடன் ஒலியின் பரவலும் விரிகிறது. இது சீராக நிகழக் கூம்பின் உள்தணிப்பும் விளிம்புத் தாங்கியின் தணிப்பும் போதுமானவையாக இருக்க வேண்டும். இல்லையெனில் விளிம்பில் மோதித் திரும்பும் அதிர்வு ஒலியைக் கெடுக்கும்.

வோய்ட் உருவாக்கிய இரட்டைக் கூம்பு இதே கருத்தின் வெளிப்படையான வடிவம். சிறிய துணைக்கூம்பு நேரடியாகச் சுருளுடன் இணைந்திருப்பதால் உயர்சுருதியை எளிதில் எட்டுகிறது. ஆனால் அதன் வெளிவிளிம்பு தாங்கியின்றித் திறந்தே இருப்பதால் அதற்கெனத் தனி ஒத்ததிர்வுகள் உண்டு. இரு கூம்புகளின் ஒலிகளும் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழிக்கவும் செய்யும். இவ்வகை இயக்கிகள் பலவற்றில் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில் காணப்படும் எழுச்சி, குரலையும் வயலினையும் கூச்சலாகக் கேட்கச் செய்வதாகக் குறை கூறப்படுவதுண்டு.

தூசி உள்ளே புகாமல் தடுக்கும் நடுமூடிக்குப் பதிலாக, அசையாத கூர்முனைக் கட்டை ஒன்றைக் காந்தத்தின் நடுத்தண்டில் பொருத்தும் முறையும் உண்டு. லௌதர் இயக்கிகளில் இதனைக் காணலாம். மூடியின் நிறை நீங்குவதும், கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வரும் உயர்சுருதி அலைகள் நடுவில் ஒன்றையொன்று அழிப்பது குறைவதும் இதன் பயன்கள்.

குரற்சுருள்

சுருளுக்குச் செம்பு, அலுமினியம் ஆகிய இரண்டும் பயன்படுகின்றன. அலுமினியத்தின் மின்கடத்துத்திறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 விழுக்காடு; எனவே அதே மின்தடைக்கு 1.6 மடங்கு தடித்த குறுக்குவெட்டு தேவை. ஆனால் அதன் அடர்த்தி செம்பினுடையதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆகவே அதே நீளமும் அதே மின்தடையும் உடைய அலுமினியச் சுருள், செம்புச் சுருளின் பாதி எடையே கொண்டிருக்கும். தடித்த கம்பிக்கு இடமளிக்கக் காந்த இடைவெளியை அகலமாக்க வேண்டியிருப்பதும், அலுமினியத்தைப் பற்றவைப்பது கடினம் என்பதும் இதற்குரிய விலை. இரண்டாவது இடரைக் களையச் செம்பு உறையிட்ட அலுமினியக் கம்பி பயன்படுகிறது.

சுருளின் மின்தூண்டமும் உயர்சுருதியைக் கட்டுப்படுத்துகிறது. 0.5 மில்லி ஹென்றி மின்தூண்டம் 10,000 ஹெர்ட்ஸில் 31 ஓம் எதிர்ப்பைத் தரும். 8 ஓம் இயக்கிக்கு இது பெருந்தடை. 0.05 மில்லி ஹென்றி எனில் 3 ஓம் மட்டுமே. நடுத்தண்டின் மீது மெல்லிய செம்புக் குல்லாய் பொருத்துவதன் மூலம் மின்தூண்டம் குறைக்கப்படுகிறது. சுருளின் மாறும் புலம் செம்பில் எதிர் மின்னோட்டத்தைத் தூண்டித் தானே வலுவிழக்கிறது. ஆனால் அச்செம்பின் தடிப்பும் இடைவெளியில் இடம்பிடித்துக் கொள்கிறது.

இடைவெளியின் ஆழத்தைவிடச் சுருள் நீளமாக இருந்தால் கூம்பு அதிகத் தொலைவு சீராக அசையலாம். அதற்கு ஈடாக, கம்பியின் ஒரு பகுதி எப்போதும் புலத்துக்கு வெளியே சும்மா சுமக்கப்படுகிறது. உணர்திறனை முதன்மையாகக் கொள்ளும் இயக்கிகள் நீளம் குறைந்த சுருளையே தேர்கின்றன. அவற்றின் அசைவெல்லை ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

காந்தம்

தொடக்ககால ஒலிபெருக்கிகளில் நிலைக்காந்தம் இல்லை. மின்காந்தச் சுருளே புலத்தை உண்டாக்கியது. பழைய வால்வு வானொலிகளில் இச்சுருள் மின்வழங்கியின் இரைச்சலை வடிகட்டும் வேலையையும் சேர்த்துச் செய்தது. 1930-களில் தோன்றிய அல்நிக்கோ கலவைகளின் வளர்ச்சி நிலைக்காந்த ஒலிபெருக்கிக்கு வழிவகுத்தது. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு ஆகியன சேர்ந்தது அல்நிக்கோ. 1978-இல் அன்றைய சயீர் நாட்டின் ஷாபா மாநிலத்தில் நிகழ்ந்த போரினால் கோபால்டின் விலை கடுமையாக உயர, ஒலிபெருக்கித் தொழில் பெருமளவில் ஃபெரைட் காந்தத்துக்கு மாறியது. 1980-களில் நியோடிமியம் காந்தம் வந்தது.

காந்தத்தில் சேமிக்கத்தக்க ஆற்றலை ஒப்பிட்டால், ஒரு கன மீட்டருக்கு ஃபெரைட் ஏறத்தாழ 30 கிலோ ஜூல், அல்நிக்கோ-5 ஏறத்தாழ 44 கிலோ ஜூல், நியோடிமியம் 200 முதல் 400 கிலோ ஜூல் வரை. ஆகவே நியோடிமியம் காந்தம் மிகச் சிறியதாக இருக்கலாம். கூம்பின் பின்புறம் எழும் ஒலி காந்தத்தில் பட்டுத் திரும்புவது குறையும். சாதாரண நியோடிமியம் வகைகள் 80 பாகை செல்சியசுக்கு மேல் வலிமை இழப்பது அதன் குறை. அல்நிக்கோ வெப்பத்தைத் தாங்கும். ஆனால் எதிர்ப்புலத்தால் எளிதில் வலிமை இழக்கும்.

அல்நிக்கோவின் ஒலி இனிமையானது என்னும் கருத்து ஆர்வலரிடையே பரவலாக உள்ளது. நிலையான புலத்துக்குத் தனி ஒலிப்பண்பு எதுவும் இல்லை. 1 டெஸ்லா எந்தக் காந்தத்திலிருந்து வந்தாலும் 1 டெஸ்லாவே. வேறுபாடு எழக்கூடிய இடம் ஒன்றுண்டு. சுருளின் மின்னோட்டம் காந்தப் பாயத்தைச் சற்றே அசைக்கிறது. மின்கடத்தியான அல்நிக்கோவில் தோன்றும் சுழல் மின்னோட்டங்கள் இவ்வசைவைத் தணிக்கும். மின்கடத்தாத ஃபெரைட்டில் அத்தணிப்பு இல்லை. எனினும் செம்பு வளையம் ஒன்றைச் சேர்த்தால் ஃபெரைட்டிலும் இதே பயனைப் பெறலாம்.

வலிமையான காந்தத்தை மட்டும் சேர்த்துப் புலத்தை வரம்பின்றி உயர்த்த இயலாது. தூய இரும்பு 2.15 டெஸ்லா அளவில் தெவிட்டுகிறது. இரும்பும் கோபால்டும் ஏறத்தாழச் சம அளவில் கலந்த பெர்மெண்டூர் 2.3 டெஸ்லாவுக்கு மேலும் தாங்கும். இச்சிறு ஆதாயத்துக்காக விலை பன்மடங்கு உயர்கிறது. மின்காந்த இயக்கிகளை மீண்டும் உருவாக்குவோர், புலத்தின் வலிமையைத் தாமே மாற்றியமைக்கும் வசதியைக் காரணமாகக் கூறுவர். அதற்குத் தனி மின்வழங்கி தேவை.

பெட்டியும் பெருக்கியும்

இலேசான கூம்பும் வலிமையான காந்தமும் சேர்ந்தால் உணர்திறன் உயரும். ஆனால் அதே காந்தம், அசையும் சுருளில் தூண்டும் எதிர் மின்னழுத்தத்தால் தாழ்சுருதியில் கூம்பை அளவுக்கு மீறித் தணிக்கிறது. எனவே லௌதர் போன்ற இயக்கிகள் எளிய மூடிய பெட்டியில் மெலிந்த தாழ்சுருதியையே தரும். பின்புற ஒலியை நீண்ட மடிப்புக் கொம்பு வழியாக வெளியேற்றும் பெரிய பெட்டிகள் அவற்றுக்குத் தேவைப்படுகின்றன. காந்தத்தின் விலையோடு அறையின் இடமும் செலவாகிறது.

உயர் உணர்திறனின் பயன் பெருக்கியில் தெரியும். 1 வாட்டுக்கு 97 டெசிபெல் தரும் இயக்கி, 8 வாட் வால்வு பெருக்கியுடன் 106 டெசிபெல்லை எட்டும். 86 டெசிபெல் தரும் இயக்கிக்கு அதே அளவை எட்ட 100 வாட் வேண்டும். குறைந்த ஆற்றலுள்ள ஒற்றை டிரையோடு வால்வு பெருக்கிகளை விரும்புவோர் முழுவீச்சு இயக்கிகளை நாடுவதற்கு இதுவே காரணம்.

வேறொரு சிக்கலும் உண்டு. பெட்டியின் முகப்பை விட அலைநீளம் பெரிதாகும்போது ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னோக்கியும் பரவுகிறது. இதனால் முன்புறத்தில் 6 டெசிபெல் வரை இழப்பு ஏற்படுகிறது. 25 செ.மீ அகல முகப்புக்கு இவ்வீழ்ச்சியின் நடுப்பகுதி ஏறத்தாழ 460 ஹெர்ட்ஸில் அமையும். இதனைச் சரிசெய்யச் சுருளும் மின்தடையும் கொண்ட சிறு சுற்று பலரால் இணைக்கப்படுகிறது. பிரிப்புச் சுற்றை அகற்றிய பின்னரும் திருத்தச் சுற்று தேவைப்படலாம் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

விமர்சனங்கள்

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980-களில் நடத்திய கேட்புச் சோதனைகள், நேர்முன் திசையில் சமச்சீரான அதிர்வெண் விடையும் பக்கவாட்டில் சீரான பரவலும் உடைய ஒலிபெருக்கிகளையே பெரும்பாலான கேட்போர் விரும்புவதைக் காட்டின. முழுவீச்சு இயக்கிகள் பல இவ்விரு அளவுகோல்களிலும் பின்தங்குகின்றன.

ஒரே கூம்பு தாழ்சுருதியையும் உயர்சுருதியையும் சேர்த்து வெளியிடுவதால் டாப்ளர் விளைவும் தோன்றுகிறது. முன்னர்க் கண்ட எடுத்துக்காட்டில் 40 ஹெர்ட்ஸில் 3.7 மி.மீ அசையும் கூம்பின் உச்ச வேகம் நொடிக்கு 0.93 மீட்டர். அப்போது அதே கூம்பு 4,000 ஹெர்ட்ஸ் ஒலியையும் வெளியிட்டால், அவ்வொலி கேட்பவருக்கு 11 ஹெர்ட்ஸ் வரை ஏறியும் இறங்கியும் சேரும். இவ்வகைத் திரிபை பீர்ஸ், பெலார் ஆகியோர் 1943-இலேயே ஆராய்ந்து வெளியிட்டனர். அசைவு குறைந்தால் இத்திரிபும் குறையும். தாழ்சுருதியை மட்டும் தனி வூஃபருக்கு அளித்து, ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அனைத்தையும் முழுவீச்சு இயக்கிக்கு விடுவது இதற்கு ஒரு தீர்வாகும். பிரிப்பு அப்போதும் உண்டு; ஆனால் அது செவியின் கூர்மை மிகுந்த பகுதியிலிருந்து விலகி அமைகிறது. 200 ஹெர்ட்ஸின் அலைநீளம் 1.7 மீட்டர் என்பதால், இரு அலகுகளுக்கு இடையிலான சிறு தொலைவும் பொருட்படுத்தத்தக்கதன்று.

விவரத்தாளை வாசித்தல்

இயக்கியை மதிப்பிட, மூலப்பொருளின் பெயரை விட அளவீடுகளே உதவும். அவற்றுள் முதன்மையானவை:

- உணர்திறன்: உயர்ந்த எண் பெரும்பாலும் இலேசான கூம்பையும் குறைந்த தாழ்சுருதியையும் குறிக்கும்.
- மொத்தத் தர எண்: நெவில் தீல் 1961-இலும் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகளின் வழி நிலைபெற்ற அளவீடுகளுள் ஒன்று. 0.2 முதல் 0.3 வரை எனில் கொம்புப் பெட்டிக்கும், 0.7-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ எனில் திறந்த பலகைக்கும் பொதுவாக ஏற்றது.
- அசைவெல்லை: பரப்புடன் சேர்த்துப் பார்க்க, தாழ்சுருதியின் எல்லை விளங்கும்.
- அதிர்வெண் விடை வரைபடம்: நேர்முன் திசைக்கும் 30 பாகைக்கும் உரிய வளைகோடுகள் இரண்டும் இருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் தரப்பட்டிருந்தால் மதிப்பீடு முழுமையடையாது.

சிறிய அறையில், அருகில் அமர்ந்து, மிதமான உரப்பில் குரலிசையையோ சிறு கருவியிசையையோ கேட்பவருக்கு முழுவீச்சு இயக்கியின் குறைகள் பெரும்பாலும் புலப்படுவதில்லை. அதன் ஒருங்கிணைந்த ஒலி பயனளிக்கிறது. பெரிய அறையில் பலர் அமர்ந்து உரத்த இசையைக் கேட்கும் சூழலில், மிக விலையுயர்ந்த காந்தமோ அரிய காகிதமோ அலைநீளத்தின் கட்டுப்பாட்டை மாற்றிவிட இயலாது.

இவற்றையும் பார்க்க

- ஒலிபெருக்கி
- அதிர்வெண்
- ஒத்ததிர்வு
- டாப்ளர் விளைவு
- அல்நிக்கோ
- வாஷி